பிக்கப்பில் இருந்த 43 குலைகள்: ஒரு திருட்டு வழக்கின் முழு விவரம்

மலேசியாவின் கீழ்ப் பேராக்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன நகரத்தில் நடந்த வழக்கு இது. ஊரின் பெயரையும் ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களையும் மாற்றியோ விட்டோ எழுதுகிறேன். அந்தக் குடும்பம் இன்னும் அதே தாமான் குடியிருப்பில்தான் வாழ்கிறது.

இலவசச் சட்ட உதவிப் பணியில் இருக்கும் எனக்கு, தோட்டப்புறத்திலிருந்து வரும் குடும்பங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்வியோடுதான் வருகின்றன: "பையன் போலீஸ்ல என்னத்தச் சொல்லித் தொலைச்சானோ, மேடம்?" அந்தப் பயத்தில் இரண்டு நாள் தூங்காமல் இருப்பார்கள். அதே குடும்பம் மூன்றாம் நாள் நீதிமன்ற வராந்தாவில், யாரோ சொன்னதைக் கேட்டு, "மெங்காகு சாலா (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்) சொல்லிட்டு ஃபைன் கட்டிடலாம்" என்று பத்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடும். உண்மையில் அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்தானது. இந்த வழக்கை நான் எழுதுவதற்கு அதுதான் காரணம்.

அந்த இரவு

பையனுக்கு 21 வயது. பகலில் தொழிற்சாலை வேலை. அவனுடைய தாய்மாமன் பெரிய தோட்டத்தில் பல வருடம் குலை வெட்டியவர். சேமிப்பைப் போட்டு நாலு ஏக்கர் செம்பனை வாங்கியிருந்தார். முதுகு விட்டுப்போன பிறகு, ஒவ்வொரு சுற்றுக்கும் மருமகன்தான் வேலை முடிந்து வந்து வெட்டிக் கொடுப்பான். மாமாவின் நிலத்துக்கும் பக்கத்துப் பெரிய தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கால்வாய் மட்டும்தான் எல்லை.

வெட்டிய குலையைச் சாலையோரத்தில் போட்டுவிட்டு வந்தால் காலையில் இருக்காது. அதனால் இரவிலேயே மாமாவின் பழைய பிக்கப்பில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, விடிந்ததும் குலை வாங்கும் நிலையமான ரெம்ப்புக்குக் கொண்டுபோய் நிறுவை போடுவது அவர்கள் வழக்கம். சிறு நிலக்காரர்கள் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அன்று இரவு 11 மணி சுமாருக்கு ரோந்து போலீஸ் வண்டியை நிறுத்தியது. பின்விளக்கு ஒன்று எரியவில்லை. அதற்கு ஒரு சம்மன் எழுதினார்கள், பி.ஓ.எல். 170ஏ என்று தலைப்பில் இருக்குமே, அந்தத் தாள். பிறகு டார்ச்சை அடித்துப் பின்னால் பார்த்தால் 43 குலை. பெரிய தோட்டத்துக் காவலாளியான ஜாகா அன்று இரவு 10 மணிக்குத்தான் குலை காணாமல் போனதாக ரிப்போர்ட் கொடுத்திருந்தார். "யாருடையது?" என்று கேட்டார்கள். "மாமாவுது." "ரசீது?" இன்னும் விற்காத குலைக்கு ரசீது எங்கிருந்து வரும்? மாமாவின் எம்.பி.ஓ.பி. (மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம்) உரிமம் வீட்டு அலமாரியில் இருந்தது. பையனைக் கைது செய்தார்கள். பிக்கப், குலை, அவன் கைபேசி எல்லாம் கைப்பற்றப்பட்டன.

போலீஸ் செய்ததில் இதுவரை எனக்குக் குறை இல்லை. ரிப்போர்ட் இருக்கிறது, அந்த நேரத்தில் வண்டி நிறையக் குலை இருக்கிறது. சந்தேகப்பட நியாயம் உண்டு. ஆனால் சந்தேகம் என்பது கைது வரைக்கும்தான் போதும், தண்டனைக்குப் போதாது.

முதல் 24 மணி நேரம்

கூட்டரசு அரசியலமைப்பின் 5வது பிரிவு கைதான யாருக்கும் மூன்று உறுதிகளைத் தருகிறது. எதற்காகக் கைது என்பதைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் உத்தரவு இல்லாமல் அதற்கு மேல் வைத்திருக்க முடியாது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதையே நடைமுறைக்கு இறக்குகிறது. கேள்வி கேட்கத் தொடங்குவதற்கு முன்பே, உறவினர் ஒருவருக்கோ நண்பருக்கோ தான் இருக்கும் இடத்தைச் சொல்லலாம், வழக்கறிஞரைத் தொடர்பு கொள்ளலாம் என்று கைதானவரிடம் போலீஸ் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் வர நியாயமான நேரம் காத்திருக்கவும் வேண்டும். இதற்கு விதிவிலக்கும் உண்டு. கூட்டாளி தப்பிவிடுவான், சாட்சியம் அழிந்துவிடும், யாருக்காவது ஆபத்து வரும் என்று நம்பக் காரணம் இருந்தால் இந்த உரிமையைத் தள்ளிப்போடலாம். ஆனால் அதற்கு டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரியின் அனுமதி வேண்டும்.

பையனை அழைக்க விட்டார்கள். அவன் அழைத்தது அம்மாவை. நள்ளிரவில் அந்த அம்மா செய்த ஒரு காரியத்தை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அழுதுகொண்டே பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்கு விஷயங்களை எழுதி வைத்தார்: எந்த போலீஸ் நிலையம், விசாரணை அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும், எந்தப் பிரிவு, எத்தனை மணிக்குக் கைது. "379" என்று கோணலாக எழுதியிருந்தது. காலையில் அந்தத் தாள் என் கைக்கு வந்தபோது என் வேலை பாதி முடிந்திருந்தது. பல குடும்பங்கள் அதிகாரியிடம் கெஞ்சுவதிலேயே நேரத்தைப் போக்கிவிட்டு, எந்தப் பிரிவு என்று கேட்காமலே திரும்பிவிடுகின்றன.

தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, ஒய்.பி.ஜி.கே. என்று சொல்வோமே, அது 2012 முதல் இயங்குகிறது. மலேசியக் குடிமகனாக இருந்தால் கைது, தடுப்புக் காவல் நிலையில் இலவசமாக வழக்கறிஞர் வருவார். வழக்கு முழு விசாரணைக்குப் போகும்போதுதான் வருமானத்தைப் பார்ப்பார்கள். "லாயருக்கு எங்க போவேன் மேடம், மாசச் சம்பளமே பத்தல" என்று சொல்லி யாரும் தனியாக மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டியதில்லை.

தடுப்புக் காவல்

மறுநாள் காலை ஊதா நிற லாக்கப் உடையில் பையனைக் கொண்டுவந்தார்கள். வாசலில் அம்மா, மாமா, கோயில் தலைவர் மூவரும் நின்றிருந்தார்கள்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (இனி சட்டத்தின் பெயர் சொல்லாத பிரிவுகள் எல்லாம் இதில் உள்ளவைதான்) 117வது பிரிவின்படி, 14 வருடத்துக்குக் குறைந்த சிறைத் தண்டனை உள்ள குற்றத்துக்கு முதல் முறை அதிகபட்சம் 4 நாள், இரண்டாம் முறை அதிகபட்சம் 3 நாள் தடுத்து வைக்கலாம். 14 வருடமோ அதற்கு மேலோ, மரண தண்டனையோ உள்ள குற்றங்களுக்கு 7 நாளும் 7 நாளும். தண்டனைச் சட்டத்தில் திருட்டுக்கான 379வது பிரிவில் உச்சபட்சம் 7 வருடச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஆக இங்கே 4 நாளும் 3 நாளும்தான் எல்லை.

"அதிகபட்சம்" என்பதை அழுத்திச் சொல்கிறேன். கேட்ட நாளையெல்லாம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. விசாரணை நாட்குறிப்பின் நகலை மாஜிஸ்திரேட் பார்க்க வேண்டும். சந்தேக நபரோ அவருடைய வழக்கறிஞரோ சொல்வதையும் கேட்க வேண்டும். போலீஸ் 4 நாள் கேட்டது. குலை, வண்டி, கைபேசி எல்லாம் போலீசிடமே இருக்கின்றன. வீடு தெரியும், வேலை இடம் தெரியும். மாமா வெளியே உரிமத்தோடு நிற்கிறார். இன்னும் எதைத் தேட இவன் உள்ளே இருக்க வேண்டும் என்று கேட்டேன். மாஜிஸ்திரேட் 2 நாள் கொடுத்தார். தொழிற்சாலையில் மூன்று நாள் சொல்லாமல் போனால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவனுக்கு அந்த வித்தியாசம் பெரியது.

வாக்குமூலம்

லாக்கப்பில் பையன் குழம்பிவிட்டான். சாலையில் "மாமாவுது" என்று சொன்னவன், விசாரணை அறையில் பயந்துபோய்ப் பாதிக் கேள்விக்கு "தெரியாது" என்று சொல்லியிருக்கிறான். குடும்பம் இதைக் கேட்டு இடிந்துபோனது.

112வது பிரிவின் கீழ் போலீஸ் வாக்குமூலம் எடுக்கிறது. பெயர், அடையாள அட்டை எண், முகவரி ஆகியவற்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் தன்னைக் குற்றச்சாட்டில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம். சொன்னதை, சொன்ன மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். திருத்த வாய்ப்புத் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. நம் பிள்ளைகள் பலருக்குப் பேச்சு மலாய் சரளமாக வரும், எழுத்து மலாய் தடுக்கும். புரியவில்லை என்றால், "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

குடும்பத்தின் பயத்துக்கு வருவோம். 2007ல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 113வது பிரிவின்படி, விசாரணையின்போது போலீசிடம் சொன்ன வாக்குமூலத்தை இப்படிப்பட்ட வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான ஒப்புதலாக அரசுத் தரப்பு பயன்படுத்த முடியாது. அதே பிரிவு, அவர் தன் தற்காப்புக்கு அதைப் பயன்படுத்திக்கொள்ள இடம் தருகிறது. ஒரு முக்கியமான விலக்கு உண்டு. சாட்சியச் சட்டத்தின் 27வது பிரிவின்படி, காவலில் இருப்பவர் சொன்ன தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தத் தகவல் சாட்சியமாக வரும். "கத்தியை அங்கே புதைத்தேன்" என்று சொல்லி, தோண்டினால் கத்தி கிடைப்பது மாதிரி. நம் பையன் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஆக அவன் "தெரியாது" என்று சொன்னதால் வழக்கு கெடவில்லை. இருந்தாலும் என் கருத்தை ஒளிக்க மாட்டேன். சுத்தமான விளக்கம் கையில் இருந்தால் அதை முதலிலேயே, சுருக்கமாக, ஒரே மாதிரி சொல்வது நல்லது. "மாமா நிலம், மாமா உரிமம், இந்த ரெம்ப்பில்தான் எப்போதும் விற்போம்" என்று மூன்று வரி போதும். விளக்கம் இல்லாதவர், அல்லது விளக்கம் சிக்கலானது என்பவர், வழக்கறிஞர் வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதே நல்லது. பொய் சொல்வது மட்டும் எந்த நிலையிலும் உதவாது.

வராந்தா

இரண்டு நாள் கழித்து போலீஸ் ஜாமீனில் விட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, குற்றம் சாட்டப்போவதாக அழைப்பு வந்தது.

அன்று வராந்தாவில் கோயில் தலைவர் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, கேஸ் நடத்தினா ஒரு வருசம் இழுக்கும். ஒவ்வொரு தடவையும் லீவு எடுத்தா பையன் வேலை போயிடும். முதல் தடவைதானே, ஃபைன் போட்டு விட்டுருவாங்க. ஒத்துக்கச் சொல்லு" என்றார். நல்ல மனிதர். அந்தக் குடும்பத்துக்கு ஜாமீன் பணத்துக்கே உதவியவர். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது நிறைய.

குற்றச்சாட்டு மலாயில் படிக்கப்படும். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். "மெங்காகு சாலா" என்றால், அதன் தன்மையும் விளைவும் புரிகிறதா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். பிறகு வழக்கின் விவரங்களை அரசுத் தரப்பு படிக்கும். இன்ன தேதியில், இன்ன தோட்டத்தில் இருந்து, இத்தனை குலையை, நேர்மையற்ற நோக்கத்தோடு எடுத்தான் என்று இருக்கும். அதையும் முழுதாக ஒப்புக்கொண்டால்தான் தண்டனைக்குப் போவார்கள். "எடுத்தேன், ஆனா அது மாமாவுது" என்று இழுத்தால் அது ஒப்புதலே ஆகாது. மாஜிஸ்திரேட் அதை ஏற்காமல் வழக்கை விசாரணைக்கு அனுப்ப வேண்டும். ஆக ஃபைன் கட்டிவிட்டுப் போக வேண்டுமானால், பையன் தன் மாமாவின் குலையைத் தோட்டத்துக் குலை என்று நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும்.

அதற்குப் பிறகு திரும்பி வருவது கடினம். 305வது பிரிவின்படி, குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் சட்டபூர்வத் தன்மையையும் பற்றி மட்டும்தான் மேல்முறையீடு செய்யலாம். கைரேகையோடு குற்றப் பதிவு ஏறும். வெளிநாட்டு வேலைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்டால் அங்கே வந்து நிற்கும். 21 வயதுப் பையனுக்கு, சில நூறு வெள்ளியோடு (ரிங்கிட்) போகிற விஷயமா இது?

அம்மாவிடம் இதையெல்லாம் ஐந்து நிமிடத்தில் சொன்னேன். பிறகு பையனிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "தம்பி, அந்தக் குலை யாருது?" "மாமாவுது, மேடம்." "அப்ப அதையே உள்ள சொல்லு." அவன் மிந்தா பிச்சாரா, அதாவது குற்றத்தை மறுத்து விசாரணை கேட்கிறேன் என்று, சொன்னான். 3,000 வெள்ளி ஜாமீன், ஓர் உத்தரவாதி. அம்மாவின் அக்கா கையெழுத்துப் போட்டார். ஜாமீன் பணம் அபராதம் அல்ல. வழக்கு முடிந்ததும் திரும்பி வரும். இதைத் தெரியாமல், "கேஸ் நடத்துறதுக்குக் கோர்ட்டு 3,000 கேட்குது" என்று பயந்து ஒப்புக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பின்விளக்குச் சம்மன் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதைக் கட்டிவிடச் சொன்னேன். விளக்கு எரியவில்லை, அது உண்மை. கொம்பாவுண்ட் என்னும் சமரசத் தொகையைக் கட்டினால் அந்தக் குற்றம் அத்தோடு முடிகிறது. போலீஸ் சம்மன் பெரும்பாலும் 300 வெள்ளிக்குள் அடங்கும். அதற்காக நீதிமன்றப் படி ஏறுவதில் அர்த்தம் இல்லை. செய்ததை ஏற்றுக்கொள்வதும் செய்யாததை மறுப்பதும் ஒரே நேர்மையில்தான் வருகின்றன.

ஆனால் எல்லாச் சம்மனும் அப்படி அல்ல. அன்று அதே வராந்தாவில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். அதிகாலையில் ஆலை வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது முச்சந்தியில் கார் மோதிக் கால் உடைந்தவர். அவருக்கே 1959ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதி 10ன் கீழ் சம்மன். "300 வெள்ளிதானே, கட்டிடறேன்" என்றார். தடுத்து நிறுத்தினேன். அவர் அந்தக் காருக்கு எதிராக இழப்பீடு கேட்கப் போகிறவர். சம்மனைக் கட்டியதையோ, நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டதையோ எதிர்த்தரப்புக் காப்புறுதியின் வழக்கறிஞர் எடுத்து நீட்டுவார். அது முடிந்த முடிவு அல்ல, சிவில் நீதிமன்றம் மற்றச் சாட்சியங்களையும் பார்க்கும். ஆனாலும் நம் கையாலேயே நமக்கு எதிராக ஒரு சாட்சியை எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். போலீசிடம் விபத்து நடந்த இடத்தின் வரைபடமான ராஜா காசாருக்கும், அதன் குறியீடுகளை விளக்கும் குஞ்சி ராஜாவுக்கும், விசாரணை முடிவுக்கும் பணம் கட்டி வாங்கிப் பாருங்கள், பிறகு முடிவெடுங்கள் என்றேன். வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்து என்பதால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கெசோவிலும் அவருக்கு உரிமை உண்டு. அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

விபத்து என்றால் நின்றாக வேண்டும், 24 மணி நேரத்துக்குள் ரிப்போர்ட் செய்தாக வேண்டும். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52வது பிரிவு அது. பயந்து ஓடியவருக்கு, விபத்தில் தப்பே இல்லாவிட்டாலும் ஓடியது தனிக் குற்றம்.

குடித்துவிட்டு ஓட்டும் வழக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 2020 அக்டோபரில் இருந்து மூச்சில் 100 மில்லிலிட்டருக்கு 22 மைக்ரோகிராம், இரத்தத்தில் 50 மில்லிகிராம், சிறுநீரில் 67 மில்லிகிராம் என்பதே எல்லை. முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, 2 வருடத்துக்குக் குறையாமல் லைசென்ஸ் பறிப்பு. நியாயமான காரணம் இல்லாமல் ஊத மறுப்பதும் குற்றம். "ரெண்டு டின்தான் குடிச்சேன்" என்பது தற்காப்பு அல்ல. இந்த வழக்குகளில் தற்காப்பு என்பது பரிசோதனை முறையாக நடந்ததா, தாள்கள் சரியாக இருக்கின்றனவா என்பதில்தான் இருக்கும். குடும்பத்தைக் காப்பாற்றும் தற்காப்பு ஒன்றுதான்: சாவியை வேறு ஆளிடம் கொடுப்பது.

குலைக் காம்பு

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருகிறேன்.

விசாரணை தொடங்கும் முன் அரசுத் தரப்பு சில ஆவணங்களைக் கொடுத்தாக வேண்டும் என்கிறது 51ஏ பிரிவு: முதல் ரிப்போர்ட், அவர்கள் சாட்சியமாகத் தாக்கல் செய்யப்போகும் ஆவணங்கள், தற்காப்புக்குச் சாதகமான உண்மைகள் இருந்தால் அவற்றைப் பற்றிய எழுத்துக் குறிப்பு. மெங்காகு சாலா சொன்னவர் இந்தத் தாள்களைப் பார்க்காமலேயே போய்விடுவார். பையனுக்கு ஜாகாவின் ரிப்போர்ட்டும் போலீஸ் எடுத்த புகைப்படங்களும் கிடைத்தன.

குலை கெட்டுப்போகும் பொருள். ஒரு வருடம் கழித்து நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் படங்கள் மட்டும்தான் சாட்சி.

ரிப்போர்ட்டில் ஜாகா எழுதியிருந்தது: வெட்டிய குலையைச் சேர்த்து வைக்கும் பிளாட்பாரத்தில் அடுக்கி வைத்திருந்த குலைகளில் சுமார் 40 காணவில்லை. மரத்தில் இருந்து வெட்டியதாக அல்ல. இந்த ஒரு வரியை மாமா படித்த உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "மேடம், பிளாட்பாரத்துக்கு வந்த குலைன்னா காம்ப வி மாதிரி வெட்டியிருப்பாங்க. நீளக் காம்பு இருந்தா மில்லுல கழிப்பாங்க. வெட்டுக்காரன் நம்பரும் காம்புல எழுதியிருக்கும், இல்லாட்டி கிராணி (தோட்டக் கணக்கர்) எப்படி எண்ணுவாரு?" என்றார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். 43 குலையில் காம்பு தெளிவாகத் தெரிந்த அத்தனையிலும் காம்பு ஒரு விரல் நீளத்துக்கு மேல், நேர் வெட்டு. ஒன்றிலும் எண் இல்லை.

சட்டப்படி திருட்டை நிரூபிக்க அரசுத் தரப்பு பல கூறுகளைக் காட்ட வேண்டும்: அசையும் பொருள், இன்னொருவர் வசம் இருந்தது, அவர் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற நோக்கத்தோடு, அதை அசைத்தது. ஒன்று விழுந்தாலும் வழக்கு விழும். திருட்டுப் போன சிறிது நேரத்தில் அந்தப் பொருளை வைத்திருப்பவரே திருடன் அல்லது திருட்டுப் பொருள் வாங்கியவன் என்று ஊகிக்கச் சாட்சியச் சட்டத்தின் 114வது பிரிவு நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. அரசுத் தரப்பு அதைத்தான் நம்பியது. ஆனால் அந்த ஊகத்துக்கு முன்பாக, கையில் இருப்பது திருட்டுப் போன அதே பொருள்தான் என்பது நிலைநாட்டப்பட வேண்டும்.

தோட்டத்தின் துணை மேலாளரான சின்னதுரை சாட்சிக் கூண்டில் நேர்மையாகப் பதில் சொன்னார். உங்கள் பிளாட்பாரத்துக்கு வரும் குலையின் காம்பு எப்படி இருக்கும்? வி வெட்டு. எண் இருக்குமா? கட்டாயம் இருக்கும், இல்லாவிட்டால் வெட்டுக்காரருக்குக் கூலி கணக்கு வராது. இந்தப் படத்தில் இருக்கும் குலையில் உங்கள் தோட்டத்து அடையாளம் எதையாவது காட்ட முடியுமா? நெடுநேரம் பார்த்தார். இல்லை என்றார். ஜாகா, விளக்கணைத்த ஒரு பிக்கப் தோட்டத்துச் சாலையில் போனதைப் பார்த்ததாகச் சொன்னார். எண் பார்க்கவில்லை, நிறம் இருட்டில் தெரியவில்லை. விசாரணை அதிகாரி மாமாவின் நிலத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

எங்களிடம் மாமாவின் எம்.பி.ஓ.பி. உரிமமும், முந்தைய ஐந்து மாதங்களுக்கான ரெம்ப்பு நிறுவைச் சீட்டுகளும் தயாராக இருந்தன. ஒவ்வொரு சுற்றிலும் முக்கால் டன்னை ஒட்டித்தான் எடை. 43 குலைக்குப் பொருந்தும் கணக்கு. சீட்டுகளில் நீளக் காம்புக்குக் கழித்த குறிப்பும் இருந்தது. அவற்றைத் தாக்கல் செய்யத் தேவையே வரவில்லை. அரசுத் தரப்பு முடித்ததும், முகாந்திரம் நிலைநாட்டப்படவில்லை என்று மாஜிஸ்திரேட் 173வது பிரிவின் கீழ் பையனைத் தற்காப்பு வாதத்துக்கு அழைக்காமலேயே விடுதலை செய்தார்.

செய்திருந்தால்?

இதைக் கேட்காமல் விடுவது நேர்மை ஆகாது. குலை உண்மையிலேயே தோட்டத்துடையதாக இருந்து, பையன் எடுத்திருந்தால், நான் அவனிடம் வேறு விதமாகப் பேசியிருப்பேன். அப்போதும் தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பேன். குற்றச்சாட்டில் எழுதிய அளவும் மதிப்பும் சரிதானா என்று பார்த்திருப்பேன். காலதாமதம் இல்லாமல் ஒப்புக்கொள்வது தண்டனையைக் குறைக்கும் காரணங்களில் ஒன்று. வயது, முந்தைய குற்றம் இல்லாமை, குடும்ப நிலை, இழப்பைத் திருப்பிக் கொடுத்தது எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லலாம். 294வது பிரிவின் கீழ் நன்னடத்தைப் பிணையில் விடும்படி கேட்கலாம். சிறிய குற்றம், இளம் வயது போன்ற சூழலில், குற்றத் தீர்ப்பைப் பதிவு செய்யாமலே விடுவிக்க 173ஏ பிரிவு இடம் தருகிறது. குற்றம் செய்தவருக்கும் இந்த உரிமைகள் எல்லாம் உண்டு. அவற்றைக் கேட்பதால் யாரும் கெட்டவர் ஆகிவிடமாட்டார்.

18 வயதுக்குக் கீழ் என்றால் 2001ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வரும். வழக்கு சிறுவர் நீதிமன்றத்துக்குப் போகும். பள்ளிப் பிள்ளையைப் பிடித்துப் போனார்கள் என்றால், பெற்றோர் முதலில் சொல்ல வேண்டியது அவன் வயதைத்தான். பிறப்புப் பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

விடுதலைக்குப் பிறகு

விடுதலையில் இரண்டு வகை உண்டு. பையனுக்குக் கிடைத்தது முழு விடுதலை, லெப்பாஸ் டான் பெபாஸ். அரசுத் தரப்பு வழக்கை நடுவில் கைவிட்டால் பல நேரங்களில் கிடைப்பது விடுதலை ஆகாத விடுவிப்பு. அதே குற்றத்துக்கு மறுபடியும் கூப்பிட முடியும். எது என்று நீதிமன்றத்தில் இருந்து வெளியே வரும் முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அரசுத் தரப்புக்கு மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க 14 நாள் இருந்தது. கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு பெரியம்மா தன் அடையாள அட்டையோடும் ரசீதோடும் போய் 3,000 வெள்ளியைத் திரும்ப வாங்கினார். பிக்கப்பையும் கைபேசியையும் திருப்பித் தர உத்தரவு கேட்டோம், கிடைத்தது. 43 குலைக்கான பணத்துக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறோம். விடுதலை உத்தரவின் சான்றளித்த நகலை இரண்டு பிரதியாக எடுக்கச் சொன்னேன்: ஒன்று வீட்டுக்கு, ஒன்று தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்கு.